640 கல்யாண போட்டோக்களை ஒரே நேரத்தில் சிறிதாக்குவது எப்படி?

கேள்வி: திருக்கடையூரில் அப்பா அம்மாவுக்கு அறுபதாம் கல்யாணம் நடத்தினோம். போட்டோகிராபர் 640 படங்களை பென் டிரைவில் போட்டுக் கொடுத்திருக்கிறார். ஒவ்வொன்றும் 9 எம்பி அளவில் இருக்கிறது. அமெரிக்காவில் இருக்கும் அக்காவுக்கு அனுப்ப வேண்டும், வீட்டு டிவியிலும் போட்டுப் பார்க்க வேண்டும். எங்களிடம் இருப்பது விண்டோஸ் 10 உள்ள பழைய லேப்டாப். போட்டோஷாப் தெரியாது. இலவசமாக, சுலபமாக ஏதாவது உண்டா?

பதில்: உங்கள் தேவைக்கு இர்ஃபான்வியூ போதும். இர்ஃபான் ஷ்கில்யான் என்பவர் உருவாக்கி 1996 முதல் வளர்த்துவரும் மென்பொருள் இது. மிகச் சிறியது என்பதால் பழைய லேப்டாப்பிலும் சட்டென்று திறக்கும். வீட்டு உபயோகத்துக்கு இலவசம். ஸ்டுடியோ, கடை என்று தொழிலுக்குப் பயன்படுத்துபவர்கள் மட்டும் உரிமம் வாங்க வேண்டும். பெரிய டவுன்லோடு பட்டன்களோடு வரும் கண்ட தளங்களில் இறக்காதீர்கள். மைக்ரோசாப்ட் ஸ்டோரிலேயே கிடைக்கிறது.

முதலில் எவ்வளவு சிறிதாக்குவது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். 9 எம்பி என்றால் அநேகமாக 24 மெகாபிக்சல் கேமரா, அதாவது 6000க்கு 4000 பிக்சல். சாதாரண ஃபுல் எச்டி டிவி காட்டுவதோ 1920க்கு 1080தான். நீளமான பக்கத்தை 1920 என்று வைத்தால் படம் 1920க்கு 1280 ஆகும். பிக்சல்கள் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும், கோப்பின் அளவும் அதற்கேற்பப் பெரிதும் இறங்கிவிடும். டிவி 4கே என்றால் 3840 வைத்துக்கொள்ளலாம். ஆனால் அனுப்புவதற்கு 1920 தாராளம்.

சரி, வேலைக்கு வருவோம். பென் டிரைவில் வைத்தே எதையும் செய்யாதீர்கள். எல்லாப் படங்களையும் லேப்டாப்பில் ஒரு ஃபோல்டருக்குக் காப்பி செய்யுங்கள். தனித்தனி ஃபோல்டர்களில் தந்திருந்தால், ஒன்றாகக் கலக்காமல் அப்படியே காப்பி செய்யுங்கள். பக்கத்திலேயே 'சிறியது' என்று இன்னொரு காலி ஃபோல்டர் உருவாக்குங்கள். இர்ஃபான்வியூவைத் திறந்து கீபோர்டில் பி எழுத்தை அழுத்தினால், பல படங்களை மொத்தமாக மாற்றும் பேட்ச் கன்வர்ஷன் ஜன்னல் வரும். படங்கள் இருக்கும் ஃபோல்டரைக் காட்டி 'ஆட் ஆல்' கொடுங்கள். அவுட்புட் டைரக்டரி என்ற இடத்தில் 'சிறியது' ஃபோல்டரைத் தேர்ந்தெடுங்கள். ஃபார்மட் ஜேபிஜி, அதன் ஆப்ஷன்ஸில் குவாலிட்டி 85. அதற்கு மேல் போனால் கோப்பு பெருக்குமே தவிர, டிவியில் வித்தியாசம் தெரியாது.

அடுத்து 'அட்வான்ஸ்டு' பட்டன். அதற்குள் ரீசைஸில் டிக் அடித்து, 'லாங் சைடு' என்ற இடத்தில் 1920 என்று போடுங்கள். அகலம், உயரம் இரண்டையும் நீங்களாக நிரப்பாதீர்கள். படுத்த படம், நின்ற படம் இரண்டும் கலந்திருக்கும் தொகுப்பில், நீளமான பக்கத்தை மட்டும் சொன்னால்தான் அப்பா அம்மா நிற்கும் படமும் பந்தி படமும் ஒழுங்காக வரும். விகிதத்தைக் காக்கும் 'ப்ரிசர்வ் ஆஸ்பெக்ட் ரேஷியோ' டிக் இருக்கட்டும். இல்லாவிட்டால் முகங்கள் இழுபடும். ஏற்கெனவே சிறிதாக இருப்பவற்றைப் பெரிதாக்க வேண்டாம் என்ற 'டோன்ட் என்லார்ஜ்' டிக்கையும் போட்டுவிடுங்கள்.

அதே ஜன்னலில் இரண்டு ஆபத்தான பெட்டிகள் உண்டு. ஒன்று, வேலை முடிந்ததும் ஒரிஜினலை அழிக்கும் பெட்டி. இன்னொன்று, அதே பெயரில் கோப்பு இருந்தால் அதன் மேலேயே எழுதும் பெட்டி. இரண்டிலும் டிக் இல்லை என்று பார்த்துவிட்டு ஸ்டார்ட் கொடுங்கள். முதல் தடவை ஐந்தாறு படங்களை மட்டும் போட்டுப் பாருங்கள்.

இரண்டாவது பெட்டியைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பெரிய விசேஷங்களுக்கு இரண்டு பேர், இரண்டு கேமராவோடு வருவது வழக்கம். இருவருடைய படங்களிலும் டிஎஸ்சி 0123 என்று ஒரே பெயர் இருக்கலாம். கலசாபிஷேகம், வரவேற்பு என்று தனித்தனி ஃபோல்டரில் இருக்கும்வரை பிரச்சினை இல்லை. எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டருக்குச் சிறிதாக்கினால் ஒன்று இன்னொன்றை விழுங்கிவிடும். அதனால் ஒவ்வொரு ஃபோல்டரையும் தனித்தனியாகச் செய்து, தனித்தனி இடத்தில் சேமியுங்கள். கொஞ்சம் கூடுதல் வேலைதான், ஆனால் ஒரு படமும் காணாமல் போகாது.

இதுவே சிரமம் என்றால் மைக்ரோசாப்ட்டின் பவர்டாய்ஸ் இருக்கிறது. அதில் உள்ள இமேஜ் ரீசைஸர், படங்களைத் தேர்வு செய்து ரைட் கிளிக் செய்தாலே வந்துவிடும். முழு இலவசம், தொழிலுக்கும் சேர்த்து. ஆனால் சிறிய படங்கள் ஒரிஜினல் இருக்கும் ஃபோல்டரிலேயே நீங்கள் தேர்ந்தெடுக்கும் அளவின் பெயரை ('லார்ஜ்' என்பது போல) ஒட்டுப்பெயராகக் கொண்டு விழும். 640 என்பது 1280 ஆகி, பிரித்தெடுப்பதே தனி வேலையாகிவிடும். நான்கைந்து படங்களுக்கு அதைப் பயன்படுத்துங்கள். மேக், லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு எக்ஸ்என்கன்வர்ட் நல்லது. அதுவும் வீட்டு உபயோகத்துக்கு இலவசம்.

இணையத்தில் ஏற்றிச் சிறிதாக்கித் தரும் தளங்கள் உங்களுக்கு வேண்டாம். 640 படம் என்றால் கிட்டத்தட்ட 6 ஜிபி ஏற்ற வேண்டும். குடும்பப் படங்களை முன்பின் தெரியாத சர்வரில் கொண்டுபோய்க் கொட்டவும் எனக்கு மனம் ஒப்பாது.

அப்புறம், அக்காவுக்கு அனுப்பும் விஷயம். ஜிமெயிலில் ஒரு மெயிலுக்கு 25 எம்பிதான் இணைக்க முடியும். சிறிதாக்கிய பிறகும் 640 படம் அதில் போகாது. கூகுள் டிரைவில் ஏற்றி லிங்க் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அது தானே இன்னொரு முறை சுருக்கிவிடும். அப்படியே போய்ச் சேர வேண்டும் என்றால் டாக்குமென்டாக அனுப்புங்கள்.

1920 பிக்சல் படத்தில் 4க்கு 6 அங்குல பிரின்ட் நன்றாகவே வரும். 12க்கு 18 ஆல்பம் போட அது காணாது. ஆல்பம் போடுபவரிடம் 6000 பிக்சல் ஒரிஜினலையே கொடுங்கள்.