ரப்பர் செடியை வீட்டுக்குள் வளர்க்கலாமா? என் செடியில் இலைகள் ஏன் உதிர்கின்றன?

தாராளமாக வளர்க்கலாம். இலை உதிர்வதற்குப் பெரும்பாலும் நாம் ஊற்றும் தண்ணீர்தான் காரணம். பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

சென்னையில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில், டிவிக்குப் பக்கத்து மூலையில் முதல் செடியை வைத்திருந்தேன். காலையில் துளசிக்கு ஊற்றும் கையோடு இதற்கும் ஒரு செம்பு. இரண்டே மாதத்தில் அடியிலைகள் மஞ்சளாகி ஒவ்வொன்றாக விழுந்தன. வாடுகிறதே என்று இன்னொரு செம்பு சேர்த்து ஊற்றினேன்! கடைசியில் தொட்டியைக் கவிழ்த்தால், வேரெல்லாம் கறுத்துக் குழைந்து ஒரே சாக்கடை நாற்றம். அடியில் இருந்த தட்டில் எந்நேரமும் தண்ணீர் நின்றிருக்கிறது. நான் குனிந்து பார்த்ததே இல்லை.

இப்போது இருக்கும் செடிக்கு நாள் கணக்கு கிடையாது. விரலை மண்ணுக்குள் இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்ப்பேன்; ஈரம் ஒட்டினால் ஊற்றமாட்டேன். மழைக்காலத்தில் பத்து நாள்கூடத் தாங்குகிறது. செம்மண்ணோடு மணல், தென்னை நார்க்கழிவு, கொஞ்சம் மண்புழு உரம் கலந்து, கிழக்கு ஜன்னலோரம் வைத்திருக்கிறேன். நுனியில் மிளகாய்ப்பழம் போல ஒரு சிவந்த உறை நீண்டு, அதற்குள்ளிருந்து சுருண்ட இலை விரியும். அவசரப்பட்டு உறையைப் பிய்க்காதீர்கள். என் மகள் பிய்த்தாள். அந்த இலை கிழிசலோடேயே பெரிதானது.

காற்றைச் சுத்தமாக்கும் என்று யாராவது சொன்னால் அதற்காக வாங்க வேண்டாம். வீட்டுச் செடிகளை வைத்து 1989-இல் நாசா வெளியிட்ட ஆய்வு மூடிய பெட்டிக்குள் நடந்தது. ஜன்னல் திறந்த வீட்டுக்கு அது பொருந்தாது.

பெயரில் ரப்பர் இருந்தாலும், கன்னியாகுமரித் தோட்டங்களில் பால் எடுக்கும் மரத்துக்கு இது உறவில்லை. ஆல், அரசு, அத்தியின் பங்காளி. மேகாலயாவில் காசி (Khasi) பழங்குடி மக்கள் ஓடைகளுக்குக் குறுக்கே வளர்த்தெடுக்கும் உயிர்ப் பாலங்கள் இந்த மரத்தின் வேர்கள்தான். சிரபுஞ்சிக்கு அருகே நோங்ரியாட்டில் இரண்டடுக்குப் பாலமே இருக்கிறது. ஆகவே தொட்டி சிறிதாகிவிட்டது என்று மதிலோரம் நட்டுவிடாதீர்கள். ஓடையைத் தாண்டுகிற வேருக்கு உங்கள் வீட்டுக் கழிவுநீர்க் குழாய் எம்மாத்திரம்?

கூரையை எட்டினால் நுனியை வெட்டலாம். வெட்டிய இடத்தில் வடியும் பால் சிலருக்குத் தோலில் அரிக்கும். பூனை, நாய் இலையை மெல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெட்டுவதற்கு முன் விண்பதியம் போட்டுவிட்டால் இன்னொரு செடியும் கிடைக்கும். தண்டில் ஓரங்குலத்துக்குப் பட்டையை வளையமாகச் சீவி, ஈர நார்க்கழிவை அப்பி, பாலித்தீன் தாளால் இறுகக் கட்ட வேண்டும். எனக்கு இரண்டு மாதத்தில் வேர் விட்டது. அதை மைத்துனர் வீட்டுக்குக் கொடுத்தேன். தண்ணீர் விஷயத்தைப் படித்துப் படித்துச் சொல்லியும் அவர் தினமும் ஒரு செம்பு ஊற்றுவதாகக் கேள்வி.