பழைய ஜோர்னடாவுக்கு வைஃபை கார்டு: வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: என் அண்ணன் சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது வாங்கிய ஹெச்.பி. ஜோர்னடா 720 கையடக்கக் கணினி இப்போது என்னிடம் இருக்கிறது. நான் ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியை. பாடக் குறிப்புகளை இன்னமும் அதில்தான் தட்டச்சு செய்கிறேன். வயர்லெஸ் கார்டு போட்டால் எழுதியதைக் கம்பி இல்லாமலே வீட்டுக் கணினிக்கு மாற்றலாம் என்றார்கள். முதலில் வாங்கிய கார்டு பாதியோடு நின்றுவிட்டது. இரண்டாவதாக வாங்கிய ஓரினாக்கோ சில்வர் கார்டு உள்ளே போனது. ஆனால் டிரைவர் பெயரைக் கேட்டது. தம்பி மகன் டிரைவர் போட்டுக் கொடுத்தான். ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்து வந்து பார்த்தால் அதையும் காணோம், குறிப்புகளையும் காணோம். மறுபடி போட்டோம். இப்போது வீட்டு வைஃபையில் சேரவே மாட்டேன் என்கிறது. கார்டில் கோளாறா, கருவியிலா?
வாசகி, மயிலாடுதுறை

பதில்: இரண்டிலும் இல்லை, டீச்சர். முதல் கார்டு முட்டி நின்றதும் அதை அழுத்தித் தள்ளாமல் விட்டீர்களே, அதுவே பெரிய காரியம். பலர் அந்த இடத்தில்தான் கருவியைக் கெடுத்துக்கொள்கிறார்கள். அந்தக் கார்டை எடுத்து, உள்ளே போகும் விளிம்பை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். தங்க நிறத்தில் ஒரு தகட்டுப் பட்டையும், அதன்மேல் வரிசையாக எட்டுச் சிறு புடைப்புகளும் தெரிந்தால் அது கார்ட்பஸ் எனப்படும் 32 பிட் வகை. ஜோர்னடா ஏற்பது 16 பிட் பிசி கார்டு மட்டும். நீளம், அகலம், கனம் எல்லாம் ஒன்றாகவே இருக்கும். ஓரத்துப் பள்ளத்தை மட்டும் வேறு மாதிரி வெட்டியிருப்பார்கள், தவறான ஸ்லாட்டில் நுழைந்துவிடக் கூடாது என்பதற்காகவே. ஸ்லாட்டுக்குள் ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள்: மேலே 34, கீழே 34, மொத்தம் 68 ஊசிகள் நிற்கும். அவை எல்லாம் நேராக நிற்கின்றனவா என்று ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். ஒன்று வளைந்தாலும் அதை நிமிர்த்துவது பொற்கொல்லர் வேலைபோல அத்தனை நுணுக்கமானது.

அடுத்து, காணாமல் போன டிரைவர், அதாவது கார்டை இயக்கக் கருவிக்குச் சொல்லித்தரும் நிரல். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் வருத்தியது இந்த இடம்தான், ஏனென்றால் அது எனக்கும் நடந்திருக்கிறது. ஜோர்னடா 720 வெளிவந்தது 2000-ல். விண்டோஸ் அதன் ரோம் நினைவகத்தில் நிலையாக இருக்கிறது. நாம் போடும் நிரல்களும் எழுதும் குறிப்புகளும் 32 மெகாபைட் ராமில்தான் இருக்கின்றன. பெரிய பேட்டரியும் உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரியும் சேர்ந்து தீர்ந்தால் ராம் வெறுமையாகிவிடும், கருவி கடையிலிருந்து வந்த நாளுக்குத் திரும்பிவிடும். ஒரு மழைக்காலத்தில் என்னுடையதை அலமாரியில் வைத்துவிட்டு மறந்தேன். ஆறு வாரம் கழித்துத் திறந்தால், திரையைத் தொட்டு அளவு சரிசெய்யச் சொல்லும் அந்த முதல் நாள் பக்கம் வந்து நின்றது. அம்மாவின் மருத்துவக் குறிப்புகள் அதில் இருந்தன, போய்விட்டன. அன்றிலிருந்து எந்தக் கோப்பையும் ராமில் மட்டும் வைப்பதில்லை.

நீங்களும் ஒரு காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டு வாங்கிவிடுங்கள். ஜோர்னடாவில் அதற்குத் தனி ஸ்லாட் இருக்கிறது, வயர்லெஸ் கார்டோடு மோதாது. மின்சாரம் போனாலும் அதில் உள்ளது அழியாது. குறிப்புகளை நேராக அதிலேயே சேமியுங்கள். டிரைவர் கோப்பையும் அதில் ஒரு பிரதி வையுங்கள். இதில் இன்னொரு விஷயம் உண்டு. உங்கள் கருவியில் ஓடும் விண்டோஸ் சிஇ-யில் (கையடக்கக் கருவிகளுக்கான விண்டோஸ்) டிரைவர் வருவது கேப் (.cab) எனும் நிறுவல் கோப்பாக. அதைத் தட்டினால் நிறுவிக்கொள்ளும், நிறுவி முடித்ததும் அந்தக் கேப் கோப்பைத் தானே அழித்தும்விடும்! தம்பி மகனிடம் சொல்லி, கோப்பின் பண்புகளில் 'படிக்க மட்டும்' என்று குறித்துவைக்கச் சொல்லுங்கள். பிறகு அழியாது. கேப் கோப்பைத் தேடும்போது உங்கள் கருவியின் பிராசஸர் ஸ்ட்ராங்ஆர்ம் எஸ்ஏ-1110 என்பதை நினைவில் வையுங்கள். அதே ஜோர்னடா வரிசையில் வந்த 680, 690 இரண்டிலும் இருப்பது எஸ்ஹெச்3. அவற்றின் டிரைவர் உங்களுக்கு ஆகாது.

டிரைவர் சரியாக உட்கார்ந்ததா என்பதைக் கார்டே சொல்லிவிடும். பெயர் கேட்காமல், வெளியே துருத்திக்கொண்டிருக்கும் முனையில் விளக்கு எரிந்தால் முதல் படி முடிந்தது. இரண்டு விளக்குகளில் ஒன்று மின்சாரத்துக்கு, மற்றது தகவல் போய்வருவதற்கு.

சரி, வீட்டு வைஃபைக்கு வருவோம். உங்கள் கார்டு 1999-ல் வந்த 802.11 பி எனும் பழைய வைஃபை வகை. அதற்குத் தெரிந்த பூட்டு, அதாவது வைஃபைப் பாதுகாப்பு முறை, டபிள்யூ.ஈ.பி. ஒன்றுதான். இன்றைய ரவுட்டர்கள் போடும் டபிள்யூ.பி.ஏ.2 பூட்டு வந்ததே 2004-ல். கார்டுக்கு அந்தப் பூட்டைத் திறக்கத் தெரியாது. கடவுச்சொல்லை நூறு முறை சரியாகத் தட்டினாலும் பயனில்லை.

இதற்கு யாராவது "வீட்டு ரவுட்டரின் பூட்டை டபிள்யூ.ஈ.பி.க்கு மாற்றிவிடுங்கள்" என்று சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். டபிள்யூ.ஈ.பி.யின் ஓட்டை 2001-லேயே வெளிப்பட்டது. 2007-ல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதை ஒரு நிமிடத்துக்குள் உடைக்கும் வழியைக் காட்டினார்கள். வங்கிக் கணக்கு பார்க்கும் செல்பேசியும் பேரப்பிள்ளைகளின் படங்களும் இருக்கும் வலையில் அப்படிப்பட்ட கதவை வைக்கக் கூடாது. ஒரு பழைய கருவிக்காக வீட்டையே திறந்துபோட வேண்டாம். அதற்குத் தனியாக ஒரு சின்ன வழி போட்டுக் கொடுப்போம்.

'பி'க்கு அடுத்து வந்த 'ஜி' அல்லது 'என்' வைஃபை வகைப் பழைய ரவுட்டர் ஒன்று அக்கம்பக்கத்தில் எங்காவது தூசி படிந்து கிடக்கும். சென்னைக்குப் போனால் ரிச்சி தெருவில் பழைய சரக்கு விற்பவர்களிடம் கேட்கலாம். அதை இன்டர்நெட்டோடு இணைக்கவே வேண்டாம். வீட்டு ரவுட்டருக்குப் பின்னால் மாட்டினால் பாதுகாப்பாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. பின்னால் மாட்டிய ரவுட்டருக்குள் நுழைந்தவர் முன்னால் இருக்கும் வீட்டு வலையையும் எட்டிவிட முடியும். ஆகவே பழைய ரவுட்டரிலிருந்து ஒரே ஒரு கேபிள், அது உங்கள் குறிப்புகளை வாங்கிக்கொள்ளும் கணினிக்கு மட்டும் போகட்டும். அந்த நேரத்தில் அந்தக் கணினியின் சொந்த வைஃபையை அணைத்துவையுங்கள். வேலை முடிந்ததும் பழைய ரவுட்டரின் சுவிட்சையும் அணைத்துவிடுங்கள்.

அந்த ரவுட்டரில் மூன்று அமைப்புகளைப் பார்த்தால் போதும். 'பி' வகைக் கருவிகளை ஏற்கும் கலப்பு முறையில் இருக்க வேண்டும். சேனலை 'ஆட்டோ'வில் விடாமல் 1, 6, 11 இவற்றில் ஒன்றாக வையுங்கள். அமெரிக்கச் சந்தைக்குச் செய்த கார்டுகள் 11-க்கு மேல் கேட்காது. ரவுட்டர் தானாக 12, 13-க்குப் போனால் பெயர்கூடத் தெரியாது. பூட்டு டபிள்யூ.ஈ.பி. 64 பிட். ஓரினாக்கோ சில்வர் அதை மட்டுமே ஏற்கும், 128 பிட் வேண்டுமானால் கோல்டு கார்டு. 64 பிட் என்றால் சாவி சரியாக 5 எழுத்து, அல்லது 10 இலக்கங்கள் (0-9, A-F). ரவுட்டரில் ஒரு வார்த்தையைக் கொடுத்து 'சாவி உருவாக்கு' என்று அழுத்தினால் அந்த 10 இலக்கங்களாக ஒரு சாவி வரும். கார்டில் தட்ட வேண்டியது அந்தப் பத்தைத்தான், நீங்கள் கொடுத்த வார்த்தையை அல்ல. இந்த ஒரு இடத்தில் நான் ஒரு முழு மாலையைத் தொலைத்திருக்கிறேன்.

அப்புறம் ஜோர்னடாவில் கன்ட்ரோல் பேனலில் நெட்வொர்க்கைத் திறந்து, கார்டின் பெயரைத் தேர்ந்தெடுத்து, ஐபி முகவரியை (வலையில் கருவியின் எண்) கையாலேயே கொடுங்கள். பழைய ரவுட்டர் 192.168.1.1 என்றால் ஜோர்னடாவுக்கு 192.168.1.50, மாஸ்க் 255.255.255.0. கணினிக்கு 192.168.1.60 வைக்கலாம். மாற்றியதும் கார்டை வெளியே எடுத்து மறுபடி செருக வேண்டும், இல்லையென்றால் பழைய அமைப்பிலேயே நிற்கும். கோப்பு அனுப்ப, கணினியில் கோப்புகளை வாங்கிக்கொள்ளும் ஒரு எஃப்டிபி சர்வர் நிரலும் ஜோர்னடாவில் விண்டோஸ் சிஇ-க்கான சிறிய எஃப்டிபி நிரலும் போதும். வேகம் காகிதத்தில் 11 மெகாபிட், நடைமுறையில் அதில் பாதிகூட வராது. ஆனால் உங்கள் ஒரு பருவத்துப் பாடக் குறிப்பே சில நூறு கிலோபைட்தான் இருக்கும். கண் சிமிட்டும் நேரத்தில் போய்விடும்.

இணையப் பக்கங்களை அதில் பார்க்கும் ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள். இன்றைய பாதுகாப்பான தளங்கள் பேசும் முறை அந்தப் பழைய உலாவிக்குத் தெரியாது. பேட்டரியையும் கவனியுங்கள்: இந்தக் கார்டு அனுப்பும்போது சுமார் 285 மில்லிஆம்பியர் இழுக்கும். அனுப்பி முடித்தவுடன் கார்டைக் கழற்றி அதன் உறையில் போட்டுவிடுங்கள், தட்டச்சு செய்ய மின்சாரம் மிஞ்சும்.

கேள்வி: என்னிடம் காம்பாக் ஐபாக் 3630 கையடக்கக் கணினி இருக்கிறது. அதில் கார்டு போட ஸ்லாட்டே இல்லையே? வயர்லெஸ் சாத்தியமா?
வாசகர், திண்டுக்கல்

பதில்: சாத்தியம்தான் தம்பி. அதன் முதுகில் மாட்டும் ஜாக்கெட் ஒன்று தனியாக வேண்டும். சட்டை மாட்டுவதுபோல ஐபாக்கை அதற்குள் சறுக்கிவிட வேண்டும். காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டுக்கு ஒரு ஜாக்கெட், பிசி கார்டுக்கு ஒன்று. பிசி கார்டு ஜாக்கெட்டைத் தேடுங்கள்: கனம்தான், ஆனால் உள்ளேயே சொந்தப் பேட்டரி இருக்கிறது. இத்தனை ஆண்டுக்குப் பிறகு அந்தப் பேட்டரி உப்பியிருக்க வாய்ப்பு அதிகம். வாங்கும் முன் ஜாக்கெட்டை ஒரு கண்ணாடி மேசைமேல் வைத்துப் பாருங்கள். நான்கு மூலையும் படியாமல் ஆடினால் வாங்காதீர்கள். ராம், டிரைவர், பூட்டு பற்றி மேலே டீச்சருக்குச் சொன்னது எல்லாம் உங்களுக்கும் பொருந்தும். பிராசஸரும் அதே எஸ்ஏ-1110. ஆனால் உங்கள் கருவியில் ஓடுவது பாக்கெட் பிசி எனும் வேறு வகை விண்டோஸ். கேப் கோப்பு அதற்கென்று சொன்னதாக இருக்க வேண்டும்.