அப்பீல் கட்டும் அரசுத் தரப்பும்: வாசகர் கேள்விகள்

எட்டு வருடமாக மாவட்ட நீதிமன்றத்தில் கிரிமினல் பிராக்டிஸ். உயர் நீதிமன்றத்தில் கூடுதல் பி.பி. (அரசுத் தரப்பில் வழக்கு நடத்தும் வழக்கறிஞர்) ஆக எந்தத் தேர்வு எழுத வேண்டும்?

எந்தத் தேர்வும் இல்லை. டி.என்.பி.எஸ்.சி. எழுதிப் போவது மாஜிஸ்திரேட் கோர்ட்டில் வழக்கு நடத்தும் உதவி அரசு வழக்கறிஞர் வேலைக்கு. உயர் நீதிமன்றத்துக்கு அரசே நியமிக்கும், உயர் நீதிமன்றத்தைக் கலந்துகொண்டு. ஏழாண்டு வழக்கறிஞராக இருந்திருக்க வேண்டும். ஆட்சி மாறினால் அறையும் மாறும். அங்கே அரசுத் தரப்பு வழக்கறிஞராக இருந்த என் பெயர்ப் பலகையை நானேதான் திருகு கழற்றி வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

என் மகனைக் கொன்றவர்களை செஷன்ஸ் கோர்ட் விடுதலை செய்துவிட்டது. நேரில் பார்த்தவர்கள் பிறழ் சாட்சி ஆகிவிட்டார்கள். அரசு அப்பீல் போடுமா என்று தெரியவில்லை. நான் போடலாமா?

போடலாம் அம்மா. 2009 இறுதியில் அமலுக்கு வந்த திருத்தம் அந்த உரிமையைத் தந்தது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த இப்போதைய பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் அது 413-ஆம் பிரிவு. அரசு அப்பீல் போட உள்துறை உத்தரவு வேண்டும், பிறகு உயர் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும், தொண்ணூறு நாள் கெடுவும் உண்டு. உங்களுக்கு அந்த அனுமதி தேவையில்லை என்று 2018-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனாலும் தாமதம் வேண்டாம், தீர்ப்பு நகலுக்கு இன்றே மனுப் போடுங்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். அப்பீலில் சாட்சிகள் மறுபடி கூண்டேறுவது அபூர்வம். செஷன்ஸ் கோர்ட்டில் அவர்கள் சொன்னது டைப் செட்டில், அதாவது வழக்கு ஆவணங்களின் தட்டச்சுத் தொகுப்பில், என்ன இருக்கிறதோ, அதைத்தான் இரண்டு நீதிபதிகள் படிப்பார்கள். அதை வைத்து இரண்டு விதமாகவும் முடிவெடுக்கலாம் என்று தோன்றினால் விடுதலையில் கை வைக்க மாட்டார்கள். பிறழ் சாட்சியை மட்டும் நம்பியிருந்த வழக்கு என்றால் கடினம். ரத்தக்கறை, கைப்பற்றிய ஆயுதம், செல்போன் பதிவு என வேறு ஏதாவது இருந்து அதைக் கீழ் கோர்ட் கவனிக்காமல் விட்டதா என்று உங்கள் வக்கீலை முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

குற்றவாளி நிரபராதி என்று உங்களுக்கே தோன்றினால்?

எல்லாரும் கேட்பது இது. தோன்றுவதை விட்டுவிடுங்கள், காகிதத்தில் என்ன இருக்கிறது என்பதே என் வேலை. கொலை அப்பீல் கட்டு வந்ததும் நான் முதலில் பிரிப்பது தீர்ப்பை அல்ல, ஏ.ஆர். காப்பியை. வெட்டுப்பட்டவரைக் கொண்டுவந்ததும் டாக்டர் எழுதும் பதிவு அது. அடுத்தது எஃப்.ஐ.ஆர்., அதில் மாஜிஸ்திரேட் கையெழுத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நேரம். இரவு பத்து மணிக்குப் பதிவான எஃப்.ஐ.ஆர். மறுநாள் மாலை மாஜிஸ்திரேட் கைக்குப் போயிருந்தால், நடுவில் யார் யார் பெயர் சேர்ந்தது என்று எதிர்த்தரப்பு கேட்கத்தான் செய்யும்.

ஒரு வழக்கில் ஏ.ஆர். காப்பியில் ‘அறிமுகம் இல்லாத மூவர்’ என்று இருந்தது. எஃப்.ஐ.ஆரிலோ நான்கு பேர், அப்பா பெயரோடு. எதிர்த்தரப்பு சீனியர் அதைக் கவனிக்கவில்லை. நானே எழுந்து பக்க எண்ணைச் சொன்னேன். நால்வருக்கும் விடுதலை. வராந்தாவில் இன்ஸ்பெக்டர் என் முகத்தைப் பார்க்காமல் போனார். மறுவாரம் வேறொரு வழக்கில், ‘தாமதத்துக்குக் காரணம் இருக்கிறது’ என்று நான் சொன்னபோது அதே பெஞ்ச் குறுக்கிடாமல் கேட்டது. அதில் தண்டனை உறுதியானது.

தண்டனையை எதிர்த்து நான் அப்பீல் போட்டால் தண்டனை கூடிவிடுமா?

உங்கள் அப்பீலில் கூட்ட முடியாது. தமிழ்நாட்டில் இருந்து போன ஒரு வழக்கில் 2025-இலும் உச்ச நீதிமன்றம் இதையே சொன்னது. தண்டனை போதாது என்று அரசு தனியாக அப்பீல் போட்டிருந்தால் மட்டும் கவலைப்படுங்கள். பாதிக்கப்பட்டவர் அப்படிக் கேட்க முடியாது. விடுதலை, குறைந்த குற்றத்துக்குத் தண்டனை, போதாத இழப்பீடு ஆகிய மூன்றுக்குத்தான் அவர் அப்பீல் போடலாம்.

வக்கீல் வரவில்லை என்று என் தம்பியின் அப்பீலைத் தள்ளுபடி செய்துவிடுவார்களோ?

அந்த ஒரே காரணத்துக்காக முடியாது. ஆவணங்களைப் படித்துத் தகுதியின் பேரில்தான் முடிவெடுக்க வேண்டும் என்பது 1996-லிருந்து உச்ச நீதிமன்றத்தின் நிலை. சிறையில் இருப்பவருக்கு வக்கீல் இல்லை என்றால் சட்ட உதவி மையத்தில் கேளுங்கள். தம்பியின் அப்பீல் எண்ணை மட்டும் கையில் வைத்திருங்கள். அது இல்லாமல் வந்து பாதி நாள் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.