கூரையின் ஸ்கைலைட் உடைந்து ஆள் விழுந்தால் யார் பொறுப்பு?

கேள்வி: ஒரே தளமுள்ள வணிகக் கட்டடம் ஒன்று எனக்குச் சொந்தம். உள்ளே முழுவதையும் ஒரு நிறுவனத்துக்குக் கிடங்காக வாடகைக்கு விட்டிருக்கிறேன். கூரை தட்டையானது. வெளிச்சத்துக்காகப் பிளாஸ்டிக் ஸ்கைலைட்டுகள் வரிசையாகப் பதித்திருக்கிறது. ஏசி யூனிட்டுகளும் மேலேதான் இருக்கின்றன. போன மாதம் சர்வீஸுக்கு வந்த மெக்கானிக் ஒருவர் ஸ்கைலைட் மேல் உட்கார்ந்ததில் அது விரிசல் விட்டது. நல்லவேளை, விழவில்லை. காண்ட்ராக்டரைக் கேட்டால், "எந்த விபத்து நடந்தாலும் நானே பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேனே சார், ஆட்களும் பெல்ட் போடுவார்கள்" என்கிறார். வாடகைதாரரோ, கூரை தங்கள் வாடகையில் சேராது என்கிறார். அந்தக் கையெழுத்து என்னைக் காப்பாற்றுமா?

பதில்: காப்பாற்றாது. பணத்தைப் பொறுத்தவரை ஓரளவு கைகொடுக்கலாம், அவ்வளவுதான்.

எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அதனால் பெரும்பாலான நாடுகளுக்குப் பொருந்தும் அடிப்படையைச் சொல்லி, விதிகள் தெளிவாக எழுதப்பட்டிருக்கும் சில நாடுகளைத் துணைக்கு எடுத்துக்கொள்கிறேன். உங்கள் ஊர் வழக்கறிஞரிடம் போகும்போது எதைக் கேட்க வேண்டும் என்பதாவது இதில் பிடிபடும்.

அந்தக் கையெழுத்து உண்மையில் என்ன செய்கிறது? நாளை ஒருவர் விழுந்து, நீங்கள் இழப்பீடு கொடுக்க நேர்ந்தால், அந்தத் தொகையைக் காண்ட்ராக்டரிடம் திருப்பிக் கேட்கும் உரிமையை அது உங்களுக்குத் தருகிறது. அவரிடம் பணமோ காப்பீடோ இருந்தால்தான் அந்த உரிமைக்கும் மதிப்பு. விழுந்த தொழிலாளி அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் இல்லை. உங்கள் மீது வழக்குப் போட அவருக்கோ குடும்பத்துக்கோ இருக்கும் உரிமையை, உங்களோடு காண்ட்ராக்டர் செய்துகொண்ட ஏற்பாடு பறித்துவிட முடியாது. சரி, தொழிலாளியிடமே ஒரு தாளில் கையெழுத்து வாங்கிவிட்டால்? பிரிட்டனில் 1977ஆம் ஆண்டின் நியாயமற்ற ஒப்பந்த விதிகள் சட்டம், கவனக்குறைவால் நேரும் மரணத்துக்கும் உடல் காயத்துக்கும் உள்ள பொறுப்பை வணிக இடம் வைத்திருப்பவர் ஒப்பந்தம் மூலமோ அறிவிப்புப் பலகை மூலமோ விலக்கிக்கொள்ள முடியாது என்கிறது. குற்ற வழக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தண்டனையை இன்னொருவர் தலையில் எழுதிவைக்க எந்த ஒப்பந்தத்தாலும் முடியாது. இந்தியாவில் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆவது பிரிவின்படி, கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் 5 ஆண்டு வரை சிறை.

அடுத்து, கூரை யார் வசம் இருக்கிறது என்பது. வாடகைதாரர் சொல்வதை உங்கள் வாடகைப் பத்திரத்தில் சரிபாருங்கள். பெரும்பாலும் கூரையும் வெளிச்சுவரும் உரிமையாளரிடமே இருக்கும். ஏணிச் சாவி உங்களிடம், ஏசி பராமரிப்பு ஒப்பந்தம் உங்கள் பெயரில் என்றால், அந்த இடம் உங்கள் கட்டுப்பாட்டில் இருப்பதாகவே நீதிமன்றம் பார்க்கும். ஒரே இடத்துக்கு ஒரே சமயத்தில் இரண்டு பேர் பொறுப்பாளிகளாக இருக்க முடியும் என்று அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1966இல் வீட் எதிர் லேக்கன் வழக்கிலேயே சொல்லிவிட்டது. எனவே "அவரா நானா" என்று நீங்கள் மூவரும் பந்தை உருட்டிக்கொண்டிருப்பதில் பயனில்லை. மூவருமே சிக்கலாம். இந்தியாவில் பிரதான முதலாளி என்ற கருத்து வேறு உண்டு. தன் வணிகத்தின் பகுதியான வேலையைக் காண்ட்ராக்டர் மூலம் செய்விப்பவர், அந்தத் தொழிலாளிக்கு முதலில் இழப்பீடு கொடுத்துவிட்டுக் காண்ட்ராக்டரிடம் பின்னர் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்பது 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தில் இருந்தது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் அது தொடர்கிறது.

உங்களுக்குச் சாதகமான வாதம் ஒன்றும் இருக்கிறது. காண்ட்ராக்டரின் வக்கீல் வாய் திறப்பதற்கு முன் உங்கள் வக்கீல் இதைத்தான் எடுப்பார்: தொழில் தெரிந்தவன் தன் தொழிலுக்குரிய ஆபத்தைத் தானே பார்த்துக்கொள்வான் என்று இடத்துக்காரர் எதிர்பார்க்கலாம். பிரிட்டனில் 1963இல் ரோல்ஸ் எதிர் நாதன் வழக்கில் புகைபோக்கி சுத்தம் செய்யும் இருவர் கார்பன் மோனாக்சைடு வாயுவால் இறந்தார்கள். இடத்துக்காரர் பொறுப்பில்லை என்று தீர்ப்பானது. ஏனென்றால் அந்த வாயு அவர்கள் தொழிலோடு பிறந்த ஆபத்து, போதாததற்கு அவர்களைப் பலமுறை எச்சரித்தும் இருந்தார்கள். உங்கள் விஷயம் அப்படியா? ஏசி மெக்கானிக்கின் தொழில் ஆபத்து மின்சாரமும் வாயு அழுத்தமும். வெயிலில் நைந்துபோன உங்கள் ஸ்கைலைட் எவ்வளவு எடை தாங்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? கூரை போடுகிறவர் என்றால் கதை கொஞ்சம் வேறு. அப்போதும், ஒரு தகடு ஏற்கனவே விரிசல் விட்டதை அவரிடம் சொல்லாமல் மேலே அனுப்பியிருந்தால் இந்த வாதம் நிற்காது.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்த விரிசல்தான். அதற்கு முன் ஒருவர் விழுந்திருந்தால், "இது உடையும் என்று எனக்குத் தெரியாது" என்று நீங்கள் சொல்லிப் பார்த்திருக்கலாம். இனி அது முடியாது. தெரிந்திருந்தும் சும்மா இருந்தார் என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி கிடைக்காது. எனக்கு எழுதிய கடிதமே ஒரு சாட்சிதான், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பிளாஸ்டிக் ஸ்கைலைட் வருடக்கணக்கில் வெயில் வாங்கினால் புற ஊதாக் கதிரில் மொறுமொறுத்துவிடும். புதிதாக வரும்போது சோதனையில் தேறியிருக்கலாம். பிரிட்டனில் 45 கிலோ மணல் மூட்டையை 1.2 மீட்டர் உயரத்திலிருந்து போட்டுப் பார்க்கிறார்கள். ஆனால் அது புதுத் தகட்டுக்கான மதிப்பெண், இன்றைய நிலைக்கு உத்தரவாதமில்லை. மேலும், யாரும் வேண்டுமென்று அதன்மேல் ஏறி நிற்பதில்லை. சுற்றுக்கட்டு முழங்கால் உயரத்தில் முக்காலி மாதிரி இருப்பதால் களைத்தவர் உட்காருகிறார், டூல் பாக்ஸை வைத்துச் சாய்கிறார், யூனிட்டைப் பின்பக்கமாக இழுத்து வரும்போது இடறி விழுகிறார். தூசி படிந்தாலோ பெயின்ட் அடித்து மறைத்தாலோ, அங்கே ஸ்கைலைட் இருப்பதே தெரியாது.

அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதிகளில் ஸ்கைலைட்டும் கூரையிலுள்ள துளைக்குச் சமம். பராமரிப்பு வேலையில் கீழ்த்தளம் 4 அடியோ அதைவிட அதிகமாகவோ கீழே இருந்தால் பாதுகாப்புக் கட்டாயம். கட்டுமான வேலையில் 6 அடிக்கு மேல் என்றால் கட்டாயம். பிரிட்டனின் 2005ஆம் ஆண்டு உயரப்பணி விதிகள் கேட்கும் முதல் கேள்வி, உடையக்கூடிய பரப்புக்கு அருகே போகாமலேயே வேலையை முடிக்க முடியாதா என்பது. முடியாவிட்டால்தான் மேடை, மூடி, தடுப்பு. அதற்குப் பிறகு எச்சரிக்கைப் பலகை. வெறும் பலகையை மாட்டிவிட்டுக் கடமை முடிந்தது என்பவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். அந்த வரிசையைத் தலைகீழாகப் படித்தவர்கள் அவர்கள்.

பெல்ட் பற்றி: எதில் மாட்டுவார்கள் என்று காண்ட்ராக்டரைக் கேளுங்கள். கூரையில் அதற்கென்று சோதித்த கொக்கி இல்லையென்றால் அந்தப் பெல்ட் வெறும் அலங்காரம். ஏசி பைப்பில் மாட்டுவார்கள் என்ற பதில் வந்தால் அன்றைக்கே வேலையை நிறுத்துங்கள். உயரம் குறைந்த கட்டடத்தில் கயிறு இறுகுவதற்குள் ஆள் தரையைத் தொட்டுவிடவும் கூடும்.

என் ஆலோசனை, ஆட்களை நம்பியிராத பாதுகாப்பைச் செய்யுங்கள். ஒவ்வொரு ஸ்கைலைட்டுக்கும் எடை தாங்கும் இரும்பு வலையைப் போல்ட் போட்டு இறுக்குங்கள், அல்லது சுற்றிலும் சுமார் 1.1 மீட்டர் உயரத்துக்குக் கைப்பிடிக் கம்பி போடுங்கள். ஒரு முறை செலவு, அப்புறம் யார் மேலே போனாலும் காக்கும். தற்காலிக மூடியென்றால் ஓஷா கேட்பது இவை: மேலே வரக்கூடிய ஆள், கருவி, பொருள் எல்லாம் சேர்ந்த எடையைப் போல் இரண்டு மடங்கு தாங்க வேண்டும், காற்றிலும் கால் பட்டும் நகராதபடி பொருத்த வேண்டும், அடியில் துளை என்று தெரியும்படி நிறமோ எழுத்தோ இருக்க வேண்டும். சும்மா பிளைவுட்டைப் போட்டு வைக்காதீர்கள். ஒருவர் அதை ஏதோ மிச்சப் பலகை என்று நினைத்து இரு கையாலும் தூக்குவார். தூக்கிய பலகையே பார்வையை மறைக்கும். அப்படியே ஓரடி முன்னால் வைப்பார்.

இதெல்லாம் முடியும் வரை கூரைச் சாவி உங்களிடமே இருக்கட்டும். அவசர ரிப்பேர் என்றால் அந்த யூனிட்டுக்குப் போகும் வழியை மட்டும் தடுப்பு வைத்துப் பிரித்து, அனுமதிச் சீட்டில் தேதி, ஆட்களின் பெயர், எந்த வழி என்பதை எழுதி அனுப்புங்கள். பழைய வரைபடத்தில் ஸ்கைலைட் இருக்கும் இடங்களைக் குறித்து ஒரு பிரதி காண்ட்ராக்டருக்குக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். இந்தக் கையெழுத்துக்கு நிஜமாகவே மதிப்பு உண்டு. வாடகைதாரருக்கும் ஒரு கடிதம் போடுங்கள்: ஸ்கைலைட்டுக்கு நேர் கீழே ஆள் உட்காரும் மேசையோ வேலையோ வேண்டாம், உங்களைக் கேட்காமல் அவர்களும் யாரையும் கூரைக்கு அனுப்பக் கூடாது என்று.

காப்பீட்டு நிறுவனத்துக்கு விரிசல் விஷயத்தைத் தெரிவித்துவிடுங்கள். மறைத்தது பின்னால் தெரிந்தால் பாலிசியையே மறுக்க அவர்களுக்கு அது சாக்கு. காண்ட்ராக்டரின் பாலிசி நகலையும் கேட்டு வாங்கி, உயரத்தில் செய்யும் வேலையை அது விலக்கியிருக்கிறதா என்று பாருங்கள். சிறிய காண்ட்ராக்டர்களின் பாலிசியில் இந்த விலக்கு அடிக்கடி ஒளிந்திருக்கும்.

விரிசல் விட்ட தகட்டை மாற்றுவதற்கு முன் அளவுகோலோடு புகைப்படம் எடுங்கள், கழற்றிய தகட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அந்த மெக்கானிக்கையும் கூப்பிட்டு நடந்ததை அவர் வாயாலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். "அன்றைக்கு மேலே போகும்போது ஸ்கைலைட் பற்றி யாராவது சொன்னார்களா?" என்பதை மறக்காமல் கேளுங்கள்.