எங்கோ ஒரு மாவட்ட நீதிபதி

கேள்வி: டிரம்ப் போட்ட குடியுரிமை உத்தரவை சியாட்டிலில் இருக்கும் ஒரு மாவட்ட நீதிபதி நாடு முழுவதும் நிறுத்தி வைத்தாரே! மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஜனாதிபதியை, ஓர் ஓட்டுகூட வாங்காத ஒருவர் தடுப்பது என்ன ஜனநாயகம்?

- கும்பகோணம் வாசகர்

பதில்: 'மாவட்ட நீதிபதி' என்றதும் நம்மூர் கோர்ட் வளாகம் உங்கள் கண்முன் வந்துவிட்டது போலிருக்கிறது. அங்கே கதை வேறு. ஃபெடரல், அதாவது மத்திய அரசு நீதிமன்றத்தின் மாவட்ட நீதிபதியை நியமிப்பவரே ஜனாதிபதிதான். செனட் ஒப்புதல் தர வேண்டும். அப்புறம் ஆயுளுக்கும் பதவி. அவர் சம்பளத்தைக் குறைக்கக்கூட முடியாது என்று அரசியல் சட்டத்தின் 3-வது பிரிவிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நாடாளுமன்றம் குற்றம் சாட்டி விசாரித்து வீட்டுக்கு அனுப்பலாம். இதுவரை அப்படிப் போன ஃபெடரல் நீதிபதிகள் 8 பேர்தான். ஓட்டு வாங்கவில்லை என்கிறீர்கள். ஓட்டுக்குப் பயப்படக் கூடாது என்பதற்காகத்தானே இத்தனை ஏற்பாடும்!

அந்த சியாட்டில் நீதிபதியை 1981-ல் நியமித்தவர் ரீகன். அதாவது டிரம்பின் கட்சிக்காரர். 2025 ஜனவரி 20-ல் பதவியேற்ற கையோடு டிரம்ப் போட்ட உத்தரவு என்ன? தாய் சட்டவிரோதமாகவோ தற்காலிக விசாவிலோ இருந்து, தந்தையும் குடிமகனாகவோ கிரீன் கார்டு வைத்திருப்பவராகவோ இல்லாவிட்டால், அங்கே பிறக்கும் குழந்தைக்குக் குடியுரிமை கிடையாது. எச்-1பி விசாவில் போயிருக்கும் உங்கள் தெருப் பிள்ளைகள் வீட்டுப் பிரசவமும் இதில் அடக்கம். அரசியல் சட்டத்தின் 14-வது திருத்தமோ அமெரிக்காவில் பிறந்து அதன் அதிகாரத்துக்கு உட்பட்ட எல்லோரும் குடிமக்கள் என்கிறது. சான் பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த வோங் கிம் ஆர்க்கின் வழக்கில், அவர் குடிமகன்தான் என்று 1898-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியும்விட்டது. இதை வைத்துக்கொண்டு 4 மாநிலங்கள் கோர்ட்டுக்குப் போயின; மூன்றாம் நாள் தடை கிடைத்தது. அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

ஆனால் 'நாடு முழுவதும்' என்று கேட்டீர்களே, அது நியாயமான கேள்வி. கேஸ் போட்டவருக்கு நிவாரணம் தர வேண்டிய நீதிபதி, போடாதவர்களுக்கும் சேர்த்து ஏன் தருகிறார்? கேள்வி நல்ல கேள்விதான். யார் எப்போது கேட்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை. 2014-ல் ஒபாமா, ஆவணமில்லாத பெற்றோர் சுமார் 40 லட்சம் பேரை நாடு கடத்தாமல் விட்டுவைக்கத் திட்டம் போட்டார். 2015-ல் டெக்சாஸ் எல்லையோரம் பிரவுன்ஸ்வில் ஊரில் ஒரே ஒரு மாவட்ட நீதிபதி அதை நாடு முழுவதும் நிறுத்தினார். உச்ச நீதிமன்றம் 4-4 என்று பிரிந்ததால் தடை அப்படியே நின்றது. அன்று டிரம்பின் குடியரசுக் கட்சியினர் 'எங்கோ ஒரு நீதிபதி' என்று அங்கலாய்க்கவில்லை, கொண்டாடினார்கள். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்!

இதைவிட மோசம் அமரில்லோ. அதுவும் டெக்சாஸ்தான். அங்கே கேஸ் போட்டால் அநேகமாக ஒரே நீதிபதியின் மேஜைக்குத்தான் போகும். அவர் டிரம்ப் நியமித்தவர். கருக்கலைப்பு மாத்திரையை எதிர்த்த மருத்துவர் அமைப்பு ஒன்று, 2022-ல் தன்னைப் பதிவு செய்துகொண்டதே அந்த ஊரில்தான். 2000-ல் அனுமதி பெற்ற மாத்திரைக்கு 2023-ல் தடை வந்தது. மேலே போனதும் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. 2024-ல் 9 நீதிபதிகளும் ஒரே குரலில், 'வழக்குப் போட உங்களுக்கு என்ன பாதிப்பு?' என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். நீங்கள் கோபப்பட வேண்டியது, தோதான நீதிபதியைத் தேடிப் போய்க் கேஸ் போடும் இந்த ஆள்பிடி வேலையைப் பார்த்து. லிபரல்களும் இதற்கு விலக்கல்ல. அவர்களுக்கு கலிபோர்னியாவும் சியாட்டிலும் இருக்கின்றன.

சரி, அப்புறம் என்ன ஆயிற்று என்கிறீர்களா? குடியுரிமை வழக்கிலேயே 2025 ஜூன் 27-ல் உச்ச நீதிமன்றம் 6-3 என்று தீர்ப்பளித்தது: வழக்குப் போட்டவர்களின் பாதிப்பைப் போக்கத் தேவையான அளவுக்கு மேல் தடை போடும் அதிகாரம் மாவட்ட நீதிபதிகளுக்கு இல்லை. உத்தரவு அரசியல் சட்டப்படி சரியா தப்பா என்ற பக்கமே போகவில்லை. டிரம்ப் பெரிய வெற்றி என்றார். ஆனால் ஒரே நிலையில் இருக்கும் எல்லோருக்காகவும் சேர்த்துப் போடும் குழு வழக்கு என்று ஒன்று இருக்கிறது. அந்தக் கதவை நீதிமன்றம் மூடவில்லை. ஜூலை 10-ல் நியூ ஹாம்ப்ஷயரில் இன்னொரு மாவட்ட நீதிபதி, பாதிக்கப்படும் குழந்தைகள் எல்லோரையும் ஒரே குழுவாக ஏற்று, மறுபடியும் நாடு முழுவதற்கும் தடை போட்டார். அவரை நியமித்தவர் ஜூனியர் புஷ். அவரும் குடியரசுக் கட்சிக்காரர்தான்.