விலையை அரசே நிர்ணயித்தால் என்ன தப்பு? சுதந்திரச் சந்தைவாதிகள் ஏன் எதிர்க்கிறார்கள்?

சுதந்திரச் சந்தையில் வாங்குபவரும் விற்பவரும் பேசி முடிப்பதே விலை. ஏன் அப்படி என்பதை 1945-இல் பொருளாதார அறிஞர் ஹாயெக் தெளிவாக விளக்கினார். யாரிடம் எவ்வளவு சரக்கு, யாருக்கு என்ன அவசரம் என்ற விவரம் லட்சக்கணக்கானவர்களிடம் சிதறிக் கிடக்கிறது. அதை எந்த அலுவலகத்தாலும் திரட்ட முடியாது. விலைதான் சுமந்து வருகிறது.

கடலூர் துறைமுகத்து மீன் ஏலத்தைப் பாருங்கள். வஞ்சிரம் வரத்து குறைந்தால் ஏலத்தொகை ஏறும். புதுச்சேரி ஓட்டல்காரர் காரணம் தெரியாமலே சங்கராவுக்கு மாறுவார். கூடுதலாகத் தரத் தயாரானவருக்கு வஞ்சிரம் மிஞ்சும். விலையை அமுக்கி வைத்தால் தட்டுப்பாடு என்ற செய்தியே போய்ச் சேராது. முதலில் வந்தவர் அள்ளிக்கொண்டு போவார். சுதந்திரச் சந்தைவாதிகளின் வாதத்திலேயே வலுவான இடம் இதுதான் என்பேன்.

அப்புறம், இவர்கள் அரசே வேண்டாம் என்பவர்கள் என்று பலர் நினைக்கிறார்கள். எல்லோரும் அப்படியில்லை; சட்டத்தைக் காப்பதையும் வறியவர்களுக்குக் குறைந்தபட்ச ஆதரவு தருவதையும் ஹாயெக்கே அரசின் வேலையாக ஏற்றார்.