ரேஸ் முடிந்தாயிற்று, அடுத்த ரேஸ் மார்ச்சில்: நடுவில் என்ன செய்வது?

கேள்வி: எனக்கு 21 வயது. கோபிசெட்டிபாளையம் பக்கத்துக் கிராமம். கல்லூரியில் கடைசி வருடம். மூன்று வருடமாக மாநில அளவில் சைக்கிளில் ரோடு ரேஸும் டைம் ட்ரையலும் (தனியாக, கடிகாரத்தோடு போட்டி போட்டு) ஓட்டுகிறேன். போன வாரம் சீசனின் கடைசி ரேஸ் முடிந்தது. அடுத்தது மார்ச்சில்தான். இரண்டு மாதமாகக் காலெல்லாம் கனமாகவே இருக்கிறது. ஐரோப்பிய வீரர்கள் குளிர்காலத்தில் ஒரு மாதம் ஓய்வெடுத்துவிட்டு, வீட்டுக்குள் டிரெய்னரில் (சைக்கிளை நின்ற இடத்திலேயே மிதிக்க வைக்கும் கருவி) ஓட்டுகிறார்கள். நம் ஊரில் அந்த மாதிரிக் குளிரே இல்லையே, நானும் ஓய்வெடுக்க வேண்டுமா? எடுத்தால் மூன்று வருட உழைப்பு வீணாகிவிடாதா? கூட ஓட்டுகிறவர்கள் 'விட்டுடாதே, ஓட்டிக்கிட்டே இரு' என்கிறார்கள். டிரெய்னர் வாங்கலாமா? எடை 52 கிலோ. மார்ச்சுக்குள் இன்னும் 2 கிலோ குறைக்க நினைக்கிறேன்.

பதில்: முதலில் ஓய்வெடுங்கள், அம்மிணி. மூன்று வாரம். அதில் முதல் பத்து நாள் சைக்கிளைத் தொடவே வேண்டாம். கல்லூரிக்குப் பஸ்ஸில் போங்கள், சாயங்காலம் நடங்கள், தோட்டத்தில் வேலை இருந்தால் செய்யுங்கள், நன்றாகத் தூங்குங்கள். அடுத்த பத்துப் பன்னிரண்டு நாளில் மனசு கேட்டால் மட்டும் எடுத்துப் போய் ஒரு மணி நேரம் சும்மா ஓட்டிவிட்டு வரலாம். மீட்டர் வேண்டாம், வாட்ச் வேண்டாம்.

ஓய்வெடுத்தால் எவ்வளவு போகும் என்பது அளந்து பார்த்த விஷயம்தான். 1984-ல் எட்வர்ட் காயில் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவர் குழுவினரும், வருடக்கணக்கில் பயிற்சி செய்தவர்களைப் பயிற்சியை முழுக்க நிறுத்தச் சொல்லிப் பார்த்தார்கள். மூன்று வாரத்தில், முழு வேகத்தில் அவர்கள் உடம்பு பயன்படுத்தும் உச்ச ஆக்சிஜன் அளவு சுமார் 7 சதவீதம் குறைந்தது. எட்டு வாரத்தில் 16 சதவீதம் குறைந்து, அதோடு நின்றுவிட்டது. முதலில் குறைவது ரத்தத்தின் நீர்ப்பகுதி. அதனால் இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தமும் குறைகிறது. திரும்ப ஓட்ட ஆரம்பித்ததும் முதலில் ஏறுவதும் இதுதான். வருடக்கணக்கில் தசைக்குள் உருவான நுண்ணிய ரத்தக்குழாய்கள் அவ்வளவு சீக்கிரம் போவதில்லை. அப்படியென்றால் மூன்று வார ஓய்வில் நீங்கள் இழப்பது கொஞ்சம்தான், அதுவும் திரும்ப வந்துவிடும். ஓய்வே இல்லாமல் மார்ச் வரை இழுத்தால் இழப்பது அதைவிடப் பெரிது. கால் இரண்டு மாதமாகக் கனக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

அந்தக் கனத்தைப் பற்றி நேராக ஒன்று கேட்கிறேன். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா? தள்ளிப்போகிறதா, நின்றிருக்கிறதா? கடுமையாகப் பயிற்சி செய்துகொண்டே சாப்பாட்டைக் குறைக்கும் பெண்களுக்கு உடம்பு முதலில் நிறுத்துவது அதைத்தான். ரேஸ் ஓட்டினால் அப்படித்தான் இருக்கும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். விடக்கூடாது. செலவழிக்கும் சக்திக்குச் சாப்பாடு போதவில்லை என்று உடம்பு சொல்கிறது. அதைக் கேட்காமல் விட்டால் எலும்பு தேயும், காயம் ஆறாது, வேகமும் வராது. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-ல் இதைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது.

அதனால் இந்த வாரமே ஒரு லேபில் ரத்தம் கொடுங்கள். ஹீமோகுளோபின் மட்டும் பார்த்தால் போதாது, ஃபெரிட்டினும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் 12-க்கு மேல் இருந்தும் உடம்பில் இரும்புச் சேமிப்பு காலியாக இருக்கலாம். அப்போதும் இதே மாதிரிதான் கால் கனக்கும். முடிவை டாக்டரிடம் காட்டுங்கள், மாதவிடாய் விஷயத்தையும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கடையில் நீங்களாகவே இரும்பு மாத்திரை வாங்கிப் போட வேண்டாம்.

அந்த 2 கிலோவை இப்போதே மறந்துவிடுங்கள். தீபாவளி வருகிறது, ஒன்றிரண்டு கிலோ ஏறினால் ஏறட்டும். உங்கள் ஊரைச் சுற்றிப் பெரும்பாலும் சமவெளி. அங்கே வேகத்தைத் தருவது கால் வலு. ஒல்லியாவதால் அங்கே பெரிதாக எதுவும் கிடைக்காது. வீட்டில் அரிசிம்பருப்பு சாதம் ஆக்கினால் நெய் விட்டு வயிறாரச் சாப்பிடுங்கள், கூட இரண்டு முட்டை. நீண்ட தூரம் ஓட்டி வந்தவருக்கு மாவுச்சத்தும் புரதமும் உப்பும் ஒரே தட்டில் கிடைக்கிற சாப்பாடு அது. கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, வாரத்தில் மூன்று நாளாவது களியோ கூழோ சேருங்கள். கீரை, கொள்ளு சாப்பிடும்போது எலுமிச்சையோ நெல்லிக்காயோ கூட இருந்தால் இரும்பு நன்றாக உடம்பில் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அவ்வளவாகச் சேராது. டீயை ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள்.

இப்போது ஐரோப்பாக் கணக்கு. அவர்களுக்குப் பெரிய ரேஸ்கள் அக்டோபரில் இத்தாலியின் லோம்பார்டியா ரேஸோடு முடிகின்றன. அதன் பிறகு சீக்கிரமே இருட்டிவிடுகிறது, ரோட்டில் பனி உறைகிறது. வேறு வழியில்லாமல்தான் வீட்டுக்குள் ஓட்டுகிறார்கள். முடிந்தவர்கள் டிசம்பரில் ஸ்பெயினின் கால்பே பக்கம் போய் முகாம் போடுகிறார்கள். எதற்காக? இதமான வெயில், காய்ந்த ரோடு, மணிக்கணக்கில் ஓட்டப் பகல். அது மூன்றும் மார்கழியில் உங்கள் வீட்டு வாசலில் இருக்கிறது. கொங்கு நாட்டில் சைக்கிளுக்குக் கஷ்டகாலம் மார்கழி கிடையாது. பங்குனி, சித்திரை வெயிலும், பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் ஆடிக் காற்றும், ஐப்பசி மழையும்தான் நம் கஷ்டகாலம். அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வரிசையை: ஓய்வு, பிறகு நிதானமான நீண்ட ஓட்டம், பிறகு வேகம். மாதங்களை நம் ஊர் வானத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு அது தானாகவே அமைந்திருக்கிறது. ஓய்வு வாரங்கள் ஐப்பசி மழையில் விழுகின்றன. கார்த்திகையில் மெல்ல ஆரம்பியுங்கள், மார்கழியும் தையும் நீண்ட ஓட்டத்துக்கு. டிரெய்னர் இப்போது வேண்டாம். மழை பிடித்த நாளில் வெயிட் தூக்குங்கள், இல்லையென்றால் அந்த நாளையே ஓய்வாக்கிக்கொள்ளுங்கள். நம் புழுக்கத்தில் பெரிய ஃபேன் இல்லாமல் டிரெய்னரில் உட்கார்ந்தால் அரை மணியில் உடம்பு சூடேறி ஹார்ட் ரேட் ஏறிக்கொண்டே போகும், பயிற்சி கெட்டுவிடும். அந்தப் பணத்தில் நெஞ்சில் கட்டும் ஹார்ட் ரேட் பட்டை ஒன்று, முன்னும் பின்னும் நல்ல லைட், 28 மில்லிமீட்டர் அகலத்தில் நல்ல டயர் ஒரு ஜோடி (உங்கள் ஃபிரேமில் அந்த அகலம் நுழைகிறதா என்று பார்த்துவிட்டு) வாங்குங்கள். வாய்க்கால் கரை ரோடுகளில் கருவேல முள் கிடக்கும். மெல்லிய டயரில் போனால் காலைப் பயிற்சி பஞ்சர் ஒட்டுவதிலேயே முடிந்துவிடும்.

மார்கழி ஓட்டத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான். மெதுவாக ஓட்ட வேண்டிய நாளில் யாராலும் மெதுவாக ஓட்ட முடிவதில்லை. ஞாயிற்றுக்கிழமை குழுவோடு கிளம்புவார்கள், பத்தாவது கிலோமீட்டரில் ஒருவர் முன்னே பாய்வார், எல்லோரும் துரத்துவார்கள். வாரம் முழுக்க இப்படியே ஓட்டினால் நடுத்தர வேகத்தில் களைப்பு மட்டும் சேரும். அடித்தளமும் வராது, உச்ச வேகமும் வராது.

உங்கள் உச்ச ஹார்ட் ரேட் எவ்வளவு என்று ரேஸ் பதிவுகளில் பாருங்கள். 220-இல் வயதைக் கழிக்கும் கணக்கை நம்ப வேண்டாம், ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு மாறும். பதிவில் 196 என்று இருந்தால், நீண்ட ஓட்டம் முழுக்க 127-க்கும் 147-க்கும் நடுவில் இருக்க வேண்டும். அதாவது உச்சத்தில் 65 முதல் 75 சதவீதம். பட்டை இல்லாத நாளில், பக்கத்தில் ஓட்டுகிறவரிடம் மூச்சு வாங்காமல் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று பாருங்கள். பாலம் ஏறும்போது 155 போனால் கியரைக் குறைத்து 145-க்கு இறக்குங்கள். பின்னால் வருகிறவர்கள் தாண்டிப் போவார்கள், போகட்டும். இந்த வேகத்தில்தான் உடம்பு கொழுப்பை எரிக்கப் பழகுகிறது, தசையில் சக்தி தயாரிக்கும் பகுதிகள் பெருகுகின்றன. சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் மார்ச் ரேஸின் கடைசி 20 கிலோமீட்டரில் கால் நிற்பதும் நிற்காததும் இந்த மணி நேரங்களைப் பொறுத்தது.

கார்த்திகையில் வாரம் 6, 7 மணி நேரத்தில் ஆரம்பித்து, மார்கழி முடிவில் 11, 12 மணி நேரத்துக்குக் கொண்டுவாருங்கள். மூன்று வாரம் ஏற்றினால் நான்காவது வாரம் பாதியாகக் குறைத்துவிட வேண்டும். நீண்ட ஓட்டத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போகட்டும். இரண்டு வாழைப்பழம் அல்லது ஒரு பழமும் கடலை மிட்டாயும் போதும். வெறும் வயிற்றில் மூன்று மணி நேரம் ஓட்டிக் கொழுப்பைக் கரைக்கும் வேலை உங்களுக்கு வேண்டவே வேண்டாம்.

இந்த மாதங்களில் காற்று கிழக்கு, வடகிழக்கிலிருந்து வரும். காலையில் பவானிப் பக்கம் எதிர்க்காற்றில் போய், திரும்பும்போது காற்று முதுகைத் தள்ள வீடு வந்து சேருங்கள். களைத்த பிறகு எதிர்க்காற்றில் மாட்டினால் ஹார்ட் ரேட் கட்டுக்குள் நிற்காது. ஏற்றம் வேண்டுமென்றால் தை பிறந்த பிறகு சென்னிமலை மலைப்பாதை போதும். பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறும் 27 கொண்டை ஊசி வளைவுகளும் ஆசை காட்டும். அது புலிகள் காப்பகம். இரவுப் போக்குவரத்துக்கே தடை உள்ள ரோடு, பகலில் லாரிகள் வளைவில் முழு அகலத்தையும் எடுத்துக்கொள்ளும். தனியாகப் போக வேண்டாம். கூடவே ஒரு வண்டியும் ஆட்களும் இருந்தால் நல்ல வெளிச்சத்தில் போகலாம்.

மார்கழிக் காலையில் ஆறு மணிக்குக்கூட மூடுபனி இருக்கும். லைட் எரிந்தால்கூடக் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவருக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். ஆறரைக்குக் கிளம்பினால் ஒன்றும் குறைந்துவிடாது. தைப்பூசத்துக்கு முன்னால் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் இருட்டில் ரோட்டோரமாக நடந்து வருவார்கள். அந்த நாட்களில் தாராபுரம் பக்கத்து ரோடுகளை விட்டுவிடுங்கள். அறுவடை சமயத்தில் சில இடங்களில் கதிரையும் தட்டையும் ரோட்டில் பரப்பியிருப்பார்கள். மேலே ஏற்றாதீர்கள், இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். வைக்கோல் ஒரு பிரி பின் கியரில் சுற்றிக்கொண்டால், கியரைத் தாங்கும் ஹேங்கர் வளைந்து கியர் சக்கரக் கம்பிக்குள் போய்விடும். அன்றைக்கு வீட்டுக்கு நடைதான்.

வெயிட் பயிற்சியைத் தள்ளிப்போடாதீர்கள். சைக்கிள் உடம்பின் எடையைத் தாங்கிக்கொள்கிறது, அதனால் சைக்கிள் மட்டுமே ஓட்டுகிறவர்களின் எலும்பு வலுவடைவதில்லை. பல வருடம் ரேஸ் ஓட்டியவர்களுக்கு முதுகெலும்பு அடர்த்தி குறைந்திருப்பது தெரிந்த விஷயம். பெண்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கார்த்திகை, மார்கழி முழுக்க வாரம் இரண்டு நாள்: ஸ்குவாட், டெட்லிஃப்ட், ஒற்றைக் கால் ஸ்டெப்-அப், முதுகுக்கு ஒன்று. முதல் மூன்று வாரம் லேசான எடையில் முறையைப் பழகுங்கள், தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். அப்புறம் ஆறு முறைக்கு மேல் தூக்க முடியாத எடைக்கு மெல்லப் போங்கள். நார்வேயின் ரோன்னெஸ்டாட் குழு சைக்கிள் வீரர்களிடம் செய்த ஆய்வுகள் இந்தக் கனமான எடையைத்தான் ஆதரிக்கின்றன. சீசன் தொடங்கிய பின் வாரம் ஒரு நாள் செய்தாலே அந்த வலுவைக் காப்பாற்றிக்கொள்ளலாம். தோட்ட வேலையில் மூட்டை தூக்குவதை இதற்குப் பதிலாகக் கணக்கு வைக்காதீர்கள், அதில் முதுகு பிடித்துக்கொள்ளத்தான் வாய்ப்பு அதிகம். அதோடு பத்துப் பத்தாக இரண்டு சுற்று கயிறு தாண்டுங்கள், எலும்புக்கு அந்த அதிர்ச்சி தேவை.

சைக்கிளை ஓய்வு வாரத்திலேயே சர்வீஸ் விட்டுவிடுங்கள். செயின் தேய்மானத்தை அளக்கும் கேஜ் 0.5-ஐக் காட்டினால் செயினை மாற்றிவிடுங்கள், தள்ளிப்போட்டால் கேசட்டும் (பின் சக்கரப் பல்சக்கரங்கள்) சேர்ந்து தேய்ந்து செலவு பல மடங்காகும். மழையில் ஓட்டிய வண்டி என்பதால் ஹெட்செட் (ஹேண்டில்பார் திரும்பும் இடம்), பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு) பேரிங்கைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

வேகப் பயிற்சி பொங்கல் கழிந்த பிறகு. அதுவரை வாரத்துக்கு ஒரு நாள் ஆறு முறை பத்து விநாடி மட்டும் முழு வேகம், கால் அதை மறக்காமல் இருக்க. தை நடுவிலிருந்து வாரம் இரண்டு நாள் இன்டர்வல்: எட்டு நிமிடம் கடுமையாக, நான்கு நிமிடம் மெதுவாக, நான்கு சுற்று. நான்காவது சுற்றிலும் முதல் சுற்றின் வேகம் வர வேண்டும். வரவில்லையென்றால் ஆரம்பத்திலேயே அதிகமாக அழுத்திவிட்டீர்கள் என்று அர்த்தம். மற்ற நாட்கள் பழைய மெதுவான ஓட்டமேதான். ரேஸுக்கு முந்தைய பத்து நாளில் நேரத்தைப் பாதியாக்குங்கள், இன்டர்வலை நிறுத்தாமல் சுற்றுகளை மட்டும் குறையுங்கள்.

இதெல்லாம் ரத்தப் பரிசோதனை சரியாக இருந்தால் போடும் கணக்கு. ஃபெரிட்டின் குறைவு என்றோ, மாதவிடாய் மூன்று மாதமாக வரவில்லை என்றோ இருந்தால் கார்த்திகைத் திட்டத்தை அப்படியே நிறுத்தி வையுங்கள். டாக்டர் சரி என்று சொன்ன பிறகு ஆரம்பிக்கலாம். அதற்காக மார்ச் ரேஸ் போனால் போகட்டும்.